மல்லிப் பெட்டிக்கு எத்தனை நாட்டாமை? உலக அமைப்புகள் ஒன்றோடொன்று உரசும் இடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாட்டுத்தாவணியில் ஏற்றுமதிக்குப் பெட்டி கட்டுகிறவர்கள், நிலக்கோட்டை, உசிலம்பட்டிப் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், முருங்கை இலைப்பொடி அரைக்கிறவர்கள், சர்வதேச அரசியல் பாடம் எடுத்த கல்லூரிப் பிள்ளைகள் என்று வேறுவேறு ஆட்கள் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம்.

1. ஐ.நா., உலக வர்த்தக அமைப்பு, அது இதுன்னு அடுக்குறீங்களே, இதுக்கெல்லாம் மேல யாருதான் இருக்கா?

யாரும் இல்லை. உலக வர்த்தக அமைப்பு ஐ.நா.வின் கிளைகூட அல்ல, அது தனி. மற்ற ஒப்பந்தங்களோடு மோதினால் ஐ.நா. சாசனக் கடமையே மேல் என்று சாசனத்தின் 103-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது பொருளாதாரத் தடை, போர் போன்ற இடங்களில் பேசுகிற பிரிவு. பூவுக்கும் பொடிக்கும் அது இறங்கி வராது.

நம்ம ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் கரையும் மடையும் நீர்வளத்துறையிடம், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். நிலப் பதிவேடு வருவாய்த்துறையிடம். மீன் பாசி ஏலம் ஒரு கை, கரையில் நிற்கும் கருவேல மரம் இன்னொரு கை. தண்ணீர் என்னவோ ஒன்றுதான். அங்கேயாவது முட்டிக்கொண்டால் கலெக்டர் எல்லாரையும் ஒரே மேசைக்குக் கூப்பிடலாம். உலக அமைப்புகளுக்கு அந்தக் கலெக்டர் இல்லை.

2. சரி, ஒரு பெட்டி மல்லி வெளிநாடு போகுதுன்னா எந்தெந்த அமைப்பு அதுல கை வைக்குது?

நேரடியாக எதுவும் கை வைப்பதில்லை. அவை எழுதிய விதிகளை நம்ம நாட்டு அதிகாரியும், போய் இறங்கும் நாட்டு அதிகாரியும் கையில் வைத்திருக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு சரக்குக்கு 6 இலக்க எண் தருகிறது. வெட்டுப்பூவுக்கு 0603; ரோஜாவுக்கு 0603 11 என்று தனி எண் உண்டு, மல்லிக்கு இல்லை. அது 0603 19, அதாவது ‘மற்றவை’யில் கிடக்கிறது. பூச்சி இருக்கிறதா என்று பார்க்கும் விதி ரோமில் உள்ள சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தினுடையது. வரியும் பாகுபாடும் ஜெனீவாவின் உலக வர்த்தக அமைப்பு. ‘மதுரை மல்லி’ என்ற பெயருக்கு அதே அமைப்பின், காப்புரிமை, பெயருரிமை போன்றவற்றுக்கான டிரிப்ஸ் உடன்படிக்கையும், அதே ஊரில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பும். செடியின் மரபு வளத்துக்கு மாண்ட்ரியலில் செயலகம் வைத்திருக்கும் உயிரியல் பன்மய ஒப்பந்தம். விமானத்தில் பெட்டி எப்படிப் போக வேண்டும் என்பதற்கு விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் கையேடு. இது அரசுகளின் அமைப்பே அல்ல.

உணவுத் தரம் பார்க்கும் கோடெக்ஸ் மட்டும் மல்லியைத் தொடாது, தின்கிற பொருள் இல்லையே. அதே விவசாயி வரப்போரத்து முருங்கை இலையைப் பறித்துப் பொடியாக்கி அனுப்பினால் கோடெக்ஸ் உள்ளே வந்துவிடும்.

3. பைட்டோ சர்டிபிகேட்ல எங்கதான் சிக்குது? பூ நல்லாத்தானே இருக்கு?

பெரும்பாலும் பூவில் சிக்குவதில்லை, காகிதத்தில் சிக்குகிறது. ‘பைட்டோ’ எனப்படும் தாவர நலச் சான்றின் படிவம் 1951-இன் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்திலிருந்து வருவது. உலகம் முழுக்க ஒரே அச்சு. பரிசோதகர் ஒரு கை அரும்பை எடுத்து வெள்ளைத் தாள்மேல் தட்டுவார். இலைப்பேன் இருந்தால் கோடு கிழித்த மாதிரி மெல்ல ஓடும். அரும்பின் பக்கவாட்டில் ஊசி குத்தியதுபோல ஓட்டை இருந்தால் மொட்டுப்புழு. மண் ஒட்டிய காம்பு, தவறி உள்ளே விழுந்த இலை ஆகியவையும் கணக்கு. சரமாகக் கட்டி அனுப்பினால் வாழைநாரும் தாவரப் பொருள்தான், சொல்லிவிடுங்கள். மல்லிப் பெட்டியிலேயே வீட்டுக்கென்று ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச் செருகுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை போகவே போகாது: எலுமிச்சை வகை மரங்களைச் சாகடிக்கும் நோயைச் சுமக்கும் பூச்சி அதில் வாழும். அந்த ஒரு கொத்துக்காகப் பெட்டி முழுதும் மாட்டும்.

காகிதத்தில் வரும் தவறுகள்: தாவரவியல் பெயர் ‘ஜாஸ்மினம் சம்பாக்’ என்று இல்லாமல் வெறும் ‘ஜாஸ்மின்’ என்று இருப்பது, பெட்டி எண்ணிக்கை இன்வாய்ஸில் ஒன்று, சான்றில் ஒன்று, அடித்துத் திருத்திய இடத்தில் அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் இல்லாதது, வாங்கும் நாடு கேட்ட கூடுதல் உறுதிமொழி வரி விடுபட்டது. சுங்க எண்ணைப் பார்ப்பவர் பைட்டோவைப் படிக்க மாட்டார், பைட்டோ தருபவர் சுங்க எண்ணைப் பார்க்க மாட்டார். இரண்டும் முதல்முறையாக ஒன்றாகத் திறக்கப்படுவது இறங்கும் விமான நிலையத்தில். உலக அமைப்புகள் முட்டிக்கொள்கின்றன என்று பாடத்தில் படிப்பது நடைமுறையில் உங்கள் காகிதக் கட்டுக்குள் நடக்கிறது.

4. பெட்டிக்கு அடியில வைக்கிற மரப் பலகைக்கும் விதி இருக்காமே?

இருக்கிறது, அதே ரோம் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் 15-ஆம் தரவிதி. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாகியிருக்க வேண்டும் (அல்லது ஏற்கப்பட்ட வேறு சிகிச்சை), கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு முத்திரை இருக்க வேண்டும். ஒட்டுப்பலகை, அட்டை, 6 மி.மீ.க்கும் மெல்லிய மரம் ஆகியவற்றுக்கு விலக்கு. மல்லிக்குத் தெர்மாகோலும் அட்டையும் போதும், ஏன் மரத்தைத் தேடுகிறீர்கள்?

5. முருங்கைப் பொடி, எள்ளு எல்லாம் ஒரு நாட்ல பாஸாகுது, இன்னொரு நாட்ல திருப்பி அனுப்புறான். கோடெக்ஸ்னு ஒண்ணு இருக்கும்போது எப்படிங்க?

கோடெக்ஸ் என்பது உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் சேர்ந்து 1963-இல் தொடங்கியது. அதன் தரங்கள் தன்னளவில் யாரையும் கட்டுப்படுத்தா. 1995-இல் உலக வர்த்தக அமைப்பு வந்தபோது, அதன் சுகாதார, தாவரநல உடன்படிக்கை மூன்று அமைப்புகளைப் பெயர் சொல்லி அளவுகோலாக ஏற்றது: உணவுக்குக் கோடெக்ஸ், கால்நடைக்குப் பாரிஸில் உள்ள விலங்குநல அமைப்பு, செடிகொடிக்கு ரோம் ஒப்பந்தம். அன்றுமுதல் கோடெக்ஸ் தரத்தைப் பின்பற்றும் நாட்டை எளிதில் குறைசொல்ல முடியாது. அதைவிடக் கடுமையாகப் போகவும் உரிமை உண்டு, ஆனால் அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும். கோடெக்ஸ் கூட்டங்களில் ஒரு பூச்சிமருந்தின் அளவுக்காக நாடுகள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

எத்திலீன் ஆக்சைடை எடுத்துக்கொள்வோம், கிருமி கொல்ல அடிக்கும் வாயு. அமெரிக்கா எள், மசாலா, உலர்ந்த மூலிகையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை விடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எள்ளுக்கு 0.05 மில்லிகிராம்தான். 140 மடங்கு வித்தியாசம். அதோடு, அந்த வாயுவிலிருந்து உண்டாகும் குளோரோஎத்தனாலை ஐரோப்பா சேர்த்துக் கூட்டுகிறது, அமெரிக்கா தனியாக எண்ணுகிறது. 2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் இது கண்டுபிடிக்கப்பட்டு ஐரோப்பா முழுக்கச் சரக்கு திரும்ப எடுக்கப்பட்டது. ஆய்வகத்தில் சாம்பிள் கொடுக்கும்போது ‘எத்திலீன் ஆக்சைடு’ என்று மட்டும் எழுதாதீர்கள், இரண்டின் கூட்டுத்தொகையையும் கேளுங்கள். ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கென்றால் நீராவிக் கிருமிநீக்கம்தான் வழி. இன்னொன்று: ஒரு பயிருக்கென்று ஒரு மருந்துக்குத் தனி அளவு வகுக்கப்படாவிட்டால் ஐரோப்பாவில் பொதுவாக 0.01 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வார்கள். முருங்கை மாதிரிச் சிறு பயிர்கள் அடிவாங்குவது இங்கேதான். பக்கத்து வயலில் அடித்த மருந்து காற்றில் வந்து படிந்தாலே போதும்.

6. சூப்பர் மார்க்கெட்காரன் குளோபல்கேப் சான்று கேக்குறான். இதுவும் உலக வர்த்தக அமைப்பு விதியா?

இல்லை. அது 1997-இல் ஐரோப்பியக் கடைக்காரர்கள் தொடங்கிய, விளைவிக்கும் முறைக்கான தனியார் தரம். கட்டாயமில்லை என்பார்கள், ஆனால் அது இல்லாமல் வாங்கவும் மாட்டார்கள். 2005-இல் செயின்ட் வின்சென்ட் என்ற குட்டித் தீவு நாடு தன் வாழைப்பழத்துக்காக ஜெனீவாவில் இதைக் கிளப்பியது. அரசு போடாத விதிக்கு அரசைப் பிடிக்க முடியுமா என்று இன்றுவரை அங்கே முடிவாகவில்லை.

7. மதுரை மல்லிக்குத்தான் ஜி.ஐ. வாங்கிட்டோமே. வெளிநாட்ல எவனாவது அந்தப் பேர்ல வேற பூவ வித்தா உலக வர்த்தக அமைப்புல கேஸ் போடலாமா?

நீங்கள் போட முடியாது, அங்கே அரசுகள்தான் வாதி பிரதிவாதி. அதற்கும் முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2013-இல் கிடைத்த ஜி.ஐ., அதாவது புவிசார் குறியீடு, சென்னை கிண்டியில் உள்ள பதிவகம் தந்தது, இந்தியாவுக்குள் செல்லும். உலகத்துக்கே செல்லும் புவிசார் குறியீடு என்று ஒன்று கிடையாது.

டிரிப்ஸ் உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு, மக்களை ஏமாற்றும்படி ஊர்ப்பெயரைப் பயன்படுத்தினால் தடுக்க வழி வேண்டும் என்கிறது. ஏமாந்தார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 23-ஆம் பிரிவு இன்னும் பலமானது: ‘அந்த ஊர் மாதிரி’ என்று போட்டால்கூடக் குற்றம். ஆனால் அது ஒயினுக்கும் மதுவகைக்கும் மட்டும். ஷாம்பெயினுக்குக் கிடைக்கும் காவல் மல்லிக்கும் சுங்குடிக்கும் இல்லை. மற்றப் பொருளுக்கும் விரிக்கச் சொல்லி இந்தியா பல ஆண்டுகளாகக் கேட்கிறது; அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் வழிவிடவில்லை. இந்தக் கேள்வியில் ஐரோப்பாவும் இந்தியாவும் ஒரே பக்கம் நிற்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

அதே ஜெனீவாவில், அறிவுசார் சொத்து அமைப்பில், 1958-இன் லிஸ்பன் உடன்படிக்கை இருக்கிறது. 2015-இல் அதைப் புதுப்பித்தார்கள், 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் காவல். இந்தியா அதில் சேரவில்லை. எனவே நாடு நாடாகப் போவதே வழி: ஐரோப்பாவில் அவர்களுடைய பதிவேட்டில் (டார்ஜிலிங் தேயிலை 2011-இல் இப்படித்தான் ஏறியது), அமெரிக்காவில் சான்றுக் குறியாக, மற்ற இடங்களில் அந்தந்த நாட்டுச் சட்டப்படி. எல்லாவற்றுக்கும் முன்னால் இங்கே பதிவை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். சொந்த நாட்டில் காவல் போன பெயரைக் காக்க வேறு நாட்டுக்குக் கடமை இல்லை என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது.

8. நம்ம மல்லிலருந்து சென்ட் எடுத்து வெளிநாட்டுக்காரன் பேடண்ட் வாங்கிட்டா? மஞ்சளுக்கு அப்படித்தான நடந்துச்சு?

நடந்தது, முறியடிக்கவும்பட்டது. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு அமெரிக்கா 1995-இல் தந்த காப்புரிமை, இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்ததால் 1997-இல் ரத்தானது. வேப்பெண்ணெய் கொண்டு பூஞ்சை தடுக்கும் முறைக்கு ஐரோப்பா தந்தது 2000-இல் ரத்தாகி, மேல்முறையீடு 2005-இல் தள்ளுபடியானது. ஒவ்வொன்றுக்கும் பழைய நூல்களைத் தேடி, மொழிபெயர்த்து, வக்கீல் வைத்துப் போராட வேண்டியிருந்தது.

இதன் பின்கதைதான் அமைப்புகள் ஏன் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன என்பதைக் காட்டும். முதலில் அறிவுசார் சொத்து அமைப்பில்தான் இந்தப் பேச்செல்லாம் இருந்தது. அங்கே வளரும் நாடுகள் எண்ணிக்கையில் அதிகம், மீறினால் தண்டிக்க ஆயுதமும் இல்லை. எனவே 1986-இல் தொடங்கிய, உலக வர்த்தக அமைப்பு பிறக்கக் காரணமான உருகுவே சுற்றுப் பேச்சில் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூன்றும் அதை வர்த்தக மேடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தன. அங்கே மீறினால் வரி போட்டு அடிக்கலாம். இந்தியா முரண்டு பிடித்துப் பார்த்தது. கடைசியில் டிரிப்ஸ் வந்தது. தோற்றவர்கள் அந்தப் பேச்சு நடக்கும்போதும் பிறகும் சும்மா இருக்கவில்லை. 1992-இல் ரியோவில் உயிரியல் பன்மய ஒப்பந்தம், ‘மரபு வளத்தின்மேல் அந்தந்த நாட்டுக்கே இறையாண்மை’ என்றது. 2001-இல் ரோமில் பயிர் மரபு வள உடன்படிக்கை. 2006-இல் டிரிப்ஸுக்குள்ளேயே, காப்புரிமை கேட்பவர் மூலப்பொருள் எந்த நாட்டினது என்று சொல்ல வேண்டும் என ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னார்கள், நடக்கவில்லை. 2010-இல், மரபு வளத்தில் கிடைக்கும் பலனைப் பகிர்வதற்கான நகோயா நெறிமுறை வந்தது. 2000-இல் அறிவுசார் சொத்து அமைப்பில் அமைத்த குழுவில் பேசிப் பேசி, 2024 மே 24-இல் அந்தக் கடமையைச் சொல்லும் ஒப்பந்தம் நிறைவேறியது. 15 நாடுகள் உறுதிசெய்தால்தான் அது உயிர்பெறும். புறப்பட்ட வீட்டுக்கே சுற்றி வந்து சேர 38 வருடம்.

மல்லிக்கு வருவோம். சாதாரணமாகப் பூ விற்பதற்கும், ஆராய்ச்சிக்கென்று செடி அல்லது பொருள் தருவதற்கும் வித்தியாசம் உண்டு. வெளிநாட்டு நிறுவனம் ஆராய்ச்சிக்குக் கேட்டால் 2002-இன் பன்மயச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவை. ‘சாம்பிள்தானே’ என்று பதியன்களைக் கூரியரில் அனுப்பாதீர்கள்.

9. எங்க சிலபஸ்ல ‘ரெஜிம் காம்ப்ளெக்ஸ்’னு வருது. அதுவும் இதுவும் ஒண்ணா?

ஒன்றுதான். மேல்கீழ் வரிசை இல்லாமல், ஒரே பொருளைப் பல ஒப்பந்தங்கள் ஆள்வதற்கு 2004-இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வைத்த பெயர். அவர்கள் எடுத்த உதாரணமே பயிர் மரபு வளம்தான். 8-ஆம் பதிலில் பார்த்தது ‘மேடை மாற்றுதல்’: தோற்ற விஷயத்தை வேறு அமைப்பில் போய் விதியாக்குவது. ‘மேடை தேடுதல்’ வேறு: இருக்கிற விதிகளில் தனக்குச் சாதகமான மன்றத்தைப் பார்த்து வழக்கைக் கொண்டுபோவது. தேர்வில் இரண்டையும் குழப்பி எழுதுகிறார்கள்.

இந்தப் பின்னல் பெரிய நாடுகளுக்கே சாதகமா என்று ஒரு துணைக்கேள்வி வரும். பெரும்பாலும் ஆமாம். எல்லா மேசைக்கும் ஆள் அனுப்ப முடிகிறவருக்கு வாசல் கூடக்கூட லாபம். ஆனால் ஒரே ஒரு வாசல்தான் இருந்திருந்தால், டிரிப்ஸுக்குப் பிறகு இந்தியாவும் பிரேசிலும் போய்த் தட்ட வேறு கதவே இருந்திருக்காது.

10. ரெண்டு ஒப்பந்தம் முட்டிக்கிட்டா எது ஜெயிக்கும்?

ஒப்பந்தங்களுக்கான சட்டமாக இருக்கும் 1969-இன் வியன்னா ஒப்பந்தம் ஒரு விதி வைத்திருக்கிறது: இரண்டிலும் அதே நாடுகள் இருந்தால் பிந்தியது செல்லும், ஒரு நாடு ஒன்றில்தான் இருக்கிறதென்றால், இருவரும் சேர்ந்து இருக்கும் ஒப்பந்தமே செல்லும். சொல்ல எளிது. மரபணு மாற்றுப் பயிர் வழக்கில் ஐரோப்பா உயிரிப் பாதுகாப்புக்கான கார்டஜீனா நெறிமுறையைக் காட்டியது. வழக்குப் போட்ட அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா மூன்றும் அதில் உறுப்பினர் இல்லை என்பதால், 2006-இல் வர்த்தக நடுவர் குழு அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மன்றமும் தன் வீட்டுச் சட்டத்தைத்தான் முதலில் படிக்கும்.

கத்திமீன் தகராறு இன்னும் வேடிக்கை. சிலி தன் துறைமுகத்தில் ஸ்பெயின் படகுகளை இறக்க விடவில்லை. 2000-இல் ஐரோப்பா அதை வர்த்தகப் பிரச்சினை என்று ஜெனீவாவுக்குக் கொண்டுபோனது. சிலி அதையே மீன்வளப் பாதுகாப்பு என்று ஹாம்பர்க்கின் கடற்சட்டத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனது. இரண்டு தீர்ப்பும் எதிரெதிராக வந்தால் என்ன செய்வது என்று இருவருக்குமே பயம். 2001-இல் இரண்டையும் நிறுத்திவைத்துவிட்டுப் பேசித் தற்காலிகமாக ஒத்துப்போனார்கள்.

11. தீர்ப்பு வந்தா அமல் ஆகுமா, இல்ல நம்ம ஊரு வாய்தா மாதிரியா?

இப்போதைக்கு வாய்தாவைவிட மோசம். உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றத்துக்கு உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பரிலிருந்து அது செயல்படவில்லை. கீழே தோற்றவர் மேல்முறையீடு என்று ஒரு தாள் கொடுத்தால் வழக்கு அப்படியே தொங்கும். இதை நாமும் செய்கிறோம்: கரும்பு, சர்க்கரை மானிய வழக்கில் 2021 டிசம்பரில் இந்தியாவுக்கு எதிராக வந்த அறிக்கையை இப்படித்தான் நிறுத்தினோம். அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு போட்டவருக்கு அது நிம்மதி. நாளை நம் மல்லிக்காக நாம் ஜெயித்தால், எதிராளியும் அதே தாளைக் கொடுப்பார்.

12. எல்லாத்தையும் ஒரே அமைப்பா ஆக்கிட்டா தொல்லை இல்லையே?

யாரை வைத்து? வர்த்தக அமைப்பில் 166 உறுப்பினர், பன்மய ஒப்பந்தத்தில் 196. முதலாவதில் முன்வரிசையில் உட்காரும் அமெரிக்கா இரண்டாவதில் இல்லவே இல்லை. பயிர் ரக உரிமைக்கான யூபோ என்ற சர்வதேச அமைப்பில் இந்தியா சேரவில்லை, தனிச் சட்டம் வைத்திருக்கிறது.

பிளவு ஜெனீவாவில் தொடங்குவதும் அல்ல. டெல்லியிலிருந்து வர்த்தக அமைப்புக்குப் போவது வணிக அமைச்சகம், தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு வேளாண் அமைச்சகம், பன்மயத்துக்குச் சுற்றுச்சூழல் அமைச்சகம், கோடெக்ஸுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம், சுங்க எண்ணுக்கு நிதி அமைச்சகம். இவர்கள் டெல்லியில் பேசிக்கொள்ளாததை வெளியூரில் பேசிக்கொள்வார்களா? சேர்த்து வேலை செய்கிற இடங்களும் உண்டு. 2004 முதல் உணவு வேளாண்மை, சுகாதாரம், விலங்குநலம், வர்த்தகம் ஆகியவற்றுக்கான உலக அமைப்புகளும் உலக வங்கியும் ஆக ஐந்தும் சேர்ந்து ஏழை நாடுகள் தரம் எட்ட நிதி தரும் ஓர் ஏற்பாட்டை நடத்துகின்றன. சத்தமில்லாமல் நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

13. புது விதி போடறதுக்கு முன்னாடி நமக்குத் தெரிய வருமா? நாம ஏதாவது சொல்ல முடியுமா?

முடியும், பலர் தவறவிடும் வசதி இது. ஒரு நாடு உணவு, தாவரநல விதியை மாற்ற நினைத்தால், அவசர நிலை தவிர, வரைவை உலக வர்த்தக அமைப்புக்கு அறிவித்து, கருத்துச் சொல்லப் பொதுவாக 60 நாள் தர வேண்டும். அந்த அறிவிப்புகளை ‘ஈபிங்’ என்ற இலவசத் தளம் மின்னஞ்சலில் அனுப்பும். பதிவுசெய்யும்போது சுங்க எண்ணையும் (மல்லிக்கு 0603) நாடுகளையும் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் டிக் அடித்தால் ஒரு நாளைக்கு வரும் அஞ்சலைப் பார்த்தே விட்டுவிடுவீர்கள்.

கருத்தை நேராக அந்த நாட்டுக்கு அனுப்புவதைவிட, மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபேடா வழியாகவோ, இந்த விதிகள் பற்றிக் கேட்பதற்கென்று இருக்கும் இந்தியாவின் விசாரணை மையம் வழியாகவோ அனுப்புங்கள். 60 நாளும் உங்களுக்கு இல்லை. டெல்லி தொகுக்க வேண்டும், எனவே முதல் மூன்று வாரத்துக்குள் போய்விட வேண்டும். ‘பிழைப்புப் போயிடும்’ என்று எழுதினால் யாரும் எடுக்க மாட்டார்கள். அறிவிப்பின் எண், எந்தப் பத்தி, உங்கள் சரக்கில் எடுத்த ஆய்வக அளவுகள், புதிய அளவுக்குள் கொண்டுவர ஆகும் செலவு, அதே பாதுகாப்பைத் தரும் மாற்று முறை என்று இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். தீரவில்லை என்றால் ஜெனீவாவில் சுகாதார, தாவரநலக் குழு வழக்கமாக ஆண்டுக்கு மூன்று முறை, மார்ச், ஜூன் அல்லது ஜூலை, நவம்பரில் கூடும். அங்கே இந்தியா அதை வர்த்தகக் கவலையாக எழுப்பலாம். அதற்கு டெல்லி முதலில் தேடுவது அந்த இரண்டு பக்கத்தைத்தான்.